காதல் அலமாரியில் ஓர் இடம்

அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கமாக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த அச்சகத்து மாடியில், ஜன்னலோர மேசையில், புரூப் பார்ப்பது அவள் வேலை. பள்ளிக்கூடப் பாடநூல், மருந்துக் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை, மாத நாவல் என்று எது வந்தாலும் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். விட்டுப்போன ஒரு கமாவுக்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே ஒருநாள் நிறுத்தச் சொன்னாள். இயந்திரக்காரர் கோபத்தில் வைத்த பெயர் அது. கோபம் ஒரு வாரத்தில் தீர்ந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய கொழுந்தன் பிள்ளைகள்கூட அவளைக் கமாப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் வீட்டில் பெண்கள் ஐந்து பேர். அவள் நான்காவது. அவளுக்கு ஒன்பது வயசாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மூத்த மூன்று பேரும் எப்படியோ தங்களைப் பார்த்துக்கொள்கிற வயசு. கீழே இருந்த இரண்டு பேரையும் அம்மாவின் தங்கை, அதாவது இவர்களுடைய சித்தி, வந்து கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். தன்னைக் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சித்தி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கீழே கடை, மேலே ஓர் அறையும் சமையல்கட்டும். அந்த வீட்டில் சித்தியோடு இன்னொருத்தி இருந்தாள். மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் எரிந்துபோன காயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கட்டுகிறவள். கடையின் முன்பாதியில் நீலத்துணி, பின்பாதியில் செம்புக் கம்பி. வெளியே இரண்டு போர்டு. சித்தியின் தையல் மிஷின் மோட்டார் எரிந்துபோனதற்கு வந்தவள்தான் அவள். மறுநாள், ஓடுகிறதா என்று பார்க்க வந்தாள். மூன்றாம் நாள் சும்மா வந்தாள். அதன்பிறகு போகவில்லை. அவள் வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் கமாக்காவும் தங்கையும் அந்த வீட்டுக்குப் போனார்கள்.

அவளை என்னவென்று கூப்பிடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சித்திக்கு அக்கா என்றால் பெரியம்மா, தங்கை என்றால் சின்னச் சித்தி. இரண்டும் இல்லை. தங்கைக்காரிக்கு அப்போது ஆறு வயசு, அவள்தான் யோசிக்காமல் மோட்டாரம்மா என்றாள். தெரு முழுக்க அதுவே ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டது சித்தி, சைக்கிள் பழக்கியது மோட்டாரம்மா. பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட்டது சித்தி, மழைக்காலத்தில் குடையோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது மோட்டாரம்மா.

சொந்தக்காரர்கள் யாரும் எதுவும் கேட்டதில்லை. பத்திரிகை வைக்க வந்தால் சித்தியின் பெயரை எழுதி, பக்கத்தில் "குடும்பத்தாரும்" என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மோட்டாரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்பாள். சித்தி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "குடும்பத்தாருக்கு உள்ள, ஒரு ஓரமா" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பேருந்து பிடித்துத் திரும்பி வருவார்கள். இப்படியே நாற்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

கமாக்காவுக்குக் கல்யாணம் ஆகி, பேருந்து ஓட்டுகிற மனிதர் ஒருவர் வாய்த்தார். நல்ல மனிதர். பிள்ளைகள் இரண்டு. அவள் எழுத வந்தது ஒரு தற்செயல். மாத நாவல் ஒன்று எழுதித் தரவேண்டியவர் கையை உடைத்துக்கொண்டார். அட்டை அடித்தாயிற்று, உள்ளே வைக்கக் கதை இல்லை. இருநூறு காதல் நாவலுக்குப் புரூப் பார்த்தவள்தானே, நீயே எழுதேன் என்று பதிப்பாளர் விளையாட்டாகச் சொன்னார். பதினோரு நாளில் எழுதிக் கொடுத்தாள். அட்டையில் ஒரு குதிரை இருந்ததால் கதையிலும் ஒரு குதிரையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் கதை நன்றாகவே போனது. அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு, மூன்று என்று எழுதினாள். புருஷன் ஒன்றையும் படித்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி வாங்கிப் பணிமனையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வருவார்.

சித்தி அப்படியில்லை, எல்லாவற்றையும் படிப்பாள். சனிக்கிழமை தவறாமல் தெருமுனை வாடகை நூலகத்துக்குப் போய், காதல் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து வருவாள். கமாக்கா எழுதியதையும் அங்கேதான் எடுப்பாள். வீட்டிலேயே இலவசப் பிரதி இருக்கிறதே என்றால், "அலமாரில இருந்து எடுத்தாத்தாண்டி அது கதை" என்பாள்.

சித்திக்கு எழுபது நெருங்கும்போது நுரையீரலில் நோய் வந்தது. கமாக்கா அப்போது தங்கை மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஒரு தாளை நீட்டினார்கள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம். மோட்டாரம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "தெரிந்தவர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தெரிந்தவர்களுக்கு அந்த வார்டில் சாயங்காலம் அரை மணி நேரம்தான் அனுமதி. பதினோரு நாள், அந்த அரை மணி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கமாக்கா வந்ததும் சித்தியின் அக்கா மகள் என்று சொன்னாள். உடனே உள்ளே விட்டார்கள். மோட்டாரம்மா அவளிடம் துடைத்து வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்து, "இத அவ கையில குடு, இது இல்லாம ஆளத் தெரியாது அவளுக்கு" என்றாள்.

அதன்பிறகு சித்தியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டில் நாலு மாதம் இருந்தாள். அந்த நாலு மாதமும் மோட்டாரம்மா கடையைத் திறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசைவிசிறி, ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். நோயாளிக்குத் தொந்தரவு என்று மோட்டாரம்மா அதைக் கழற்றி, எண்ணெய் போட்டு, திருகு முடுக்கி, சத்தமே இல்லாமல் செய்துவைத்தாள். சித்தி இரண்டு நாள் தூங்காமல் கிடந்தாள். கேட்டால், சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை, சத்தம் நின்றாலே நீ வேலையை விட்டு எழுந்து எங்கேயோ போய்விட்டாய் என்று தோன்றுகிறது என்று சண்டை பிடித்தாள். வாழ்நாள் முழுக்க மோட்டாரின் சத்தத்தைக் குறைத்தே பெயர் வாங்கியவள் அன்றைக்குத் திருப்புளியை எடுத்து ஒரு திருகைத் தளர்த்திவிட்டாள். விசிறி கடகடத்தது, சித்தி தூங்கிவிட்டாள்.

சித்தி போய் நாலைந்து மாதம் கழித்து, கமாக்கா ஒரு கதை எழுத ஆரம்பித்தாள். பதினோரு நாளில் முடிகிற கதையாக இல்லை அது. பதினான்கு மாதம் ஆயிற்று. முடித்ததும் வேறு யாருக்கும் காட்டாமல் மோட்டாரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் ஒரு வாரம் வைத்திருந்து படித்தாள். கம்பியின் கனம் ஒரு இடத்தில் தப்பு, சித்தியின் கோபம் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், மற்றபடி சரி என்றாள். தாளையெல்லாம் தட்டி அடுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நூலகத்துல இத எந்த அலமாரில வைப்பாங்க?"

"காதல் அலமாரிலதான் வைக்கணும்னு ஆசை. சங்கத்து முத்திரை கிடைச்சா வைப்பாங்க."

"அவ எடுக்கிற அலமாரி" என்றாள் மோட்டாரம்மா. பிறகு எழுந்துபோய் டீ போட்டாள்.

இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். காதல் கதை எழுதுகிறவர்களுக்கென்று முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்த சங்கம், சைக்கிள் கடை மாடியில் ஒரு பெரிய அறை. புத்தகத்தின் பின்னட்டையில் சங்கத்தின் சிவப்பு முத்திரை இருந்தால்தான் ஊரில் உள்ள வாடகை நூலகங்கள் அதைக் காதல் அலமாரியில் வைக்கும். இல்லாவிட்டால் "பலவகை" என்று ஒரு மூலை, அங்கே போனது திரும்பி வராது. முத்திரை கொடுக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. முடிவுக் குழு என்று அதற்குப் பெயர். ஏனென்றால் அவர்கள் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான் படிப்பார்கள். முன்னொரு காலத்தில், தொண்ணூறு பக்கம் கொஞ்சிக் குலாவிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் நாயகனை ரயிலில் தள்ளிவிட்ட ஒரு புத்தகத்துக்கு முத்திரை போட்டு, வாசகிகள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. சங்கத்தின் நான்காம் விதி சின்னதாக இருந்தது: கதைக்குக் காதல் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கக் கடைசி அத்தியாயம் போதாதா என்பது அவர்கள் நியாயம்.

கமாக்காவின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது அந்த விசிறிதான். மோட்டார் கட்டுகிற ஓர் ஆள், நோயில் கிடக்கிற தன் துணைக்காகத் திருகைத் தளர்த்துகிறார். குழுவில் மூன்று பேரும் அழுதுவிட்டார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். முத்திரை விழுந்தது, புத்தகமும் அச்சாகிவிட்டது. அந்த அம்மாள் பெருமையாகப் புத்தகத்தைத் தன் மருமகளிடம் கொடுத்தாள். மருமகள், உலகத்தில் எல்லாரும் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து படித்தாள். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, இதுல ஆம்பளையே இல்லையே?"

மறுநாளே விஷயம் செயலாளர் காதுக்குப் போயிற்று. செயலாளர் நூற்று நாற்பது நாவல் எழுதியவர். ஊரில் அவர் பெயரைத் தெரியாத நூலகம் இல்லை. கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கமாக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். கதை அருமை, ஆனால் விதியில் ஒரு வரி சேர்க்கப்போகிறோம், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று. சேர்த்தால் இதன் முத்திரையை எடுக்கவேண்டி வரும். அதனால் நீயே முன்வந்து இதைச் சிநேகக் கதை என்று மாற்றிக்கொண்டால், அதற்கென்று ஒரு தனி முத்திரையே செய்து தருகிறேன், நீல நிறத்தில், என்றார். எல்லாம் அன்பாகத்தான்.

கமாக்கா சண்டை போடுகிறவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த சண்டையெல்லாம் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் போடுவதுதான். நீல முத்திரை என்றாலும் முத்திரைதானே, அலமாரிக்குப் பக்கத்து அலமாரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கடைக்குப் போனாள். மோட்டாரம்மா ஒரு விசிறியின் எரிந்த கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கமாக்கா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். வேலை நிற்கவில்லை. கடைசியில், கம்பியைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவ நானே என் கையால தெரிஞ்சவங்கன்னு எழுதிட்டேன் கண்ணு. பதினோரு நாள் வெளிய உக்காந்தேன். யாரும் என்ன தள்ளல, நானேதான் எழுதுனேன். இப்ப நீயும் உன் கையால சிநேகம்னு எழுதுனியானா, அப்புறம் அவ புஸ்தகத்துலயும் நான் வெளியதான் உக்காரணும்."

கமாக்கா தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். பிறகு, பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், நீங்களும் வாங்க என்றாள். எனக்கென்ன அங்கே வேலை என்று மோட்டாரம்மா சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

கூட்டத்துக்கு முப்பத்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி எண்பது வயசு, ஒரு காது கேட்காது. கேட்கிற காதைச் சபைப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மோட்டாரம்மா கடைசி வரிசையில், காயிலுக்குப் பூசும் வார்னிஷின் கறை போகாத விரல்களை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செயலாளர் தன் கட்சியை நன்றாகவே எடுத்துச் சொன்னார். வாசகி அலமாரியை நம்பித்தான் வருகிறாள். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பேருந்துக்கு நிற்கிற பத்து நிமிஷத்தில் கையை நீட்டி எடுக்கிறாள். அவள் எதிர்பார்க்கிறது ஒன்று, உள்ளே இருக்கிறது ஒன்று என்றால், அடுத்த தடவை கையை நீட்டமாட்டாள். நூலகக்காரர்கள் நம் முத்திரையையே வேண்டாம் என்றுவிட்டால் முப்பத்தெட்டுப் பேரும் மூலைக்குத்தான் போகவேண்டும். அதனால் ஓர் ஆண், ஒரு பெண் என்று எழுதிவைத்துவிட்டால் வம்பில்லை என்றார்.

எழுதிவைப்பது என்று வந்ததும் வம்பு தொடங்கிவிட்டது. இளம் ஆண், இளம் பெண் என்று போடுங்கள் என்று ஒருவர் சொன்னார். அறுபது வயசுக்காரர்கள் காதலிப்பதாகவே பதினெட்டு நாவல் எழுதிய ஒரு அம்மாள் எழுந்து, இளமை எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டாள். கல்யாணமாகாத என்று சேர்க்கவேண்டும் என்றது இன்னொரு குரல். கல்யாணத்துக்குப் பிறகு வருவது காதலா பழக்கமா என்று ஒரு தகராறு. அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. பேய்க்காதல் எழுதுகிறவர், ஆண் உயிரோடு இருக்கவேண்டும் என்று விதியில் உண்டா என்று கவலையோடு கேட்டார். தலைவி எல்லாவற்றையும் கேட்டாளோ, பாதியைக் கேட்டாளோ, சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது செயலாளர் கடைசிச் சீட்டை எடுத்தார். அதெல்லாம் போகட்டும், பழைய விதிப்படியே பார்த்தாலும் இந்தப் புத்தகம் நிற்காது. கடைசி அத்தியாயத்தில் தூங்குகிறாள் என்று இருக்கிறது. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அவள் இறந்தாகிவிட்டது, மற்றவள் அதை நினைத்துத்தான் சொல்கிறாள். ஒருத்தி செத்துப்போன கதைக்கு முடிவு எப்படி நிறைவாகும் என்றார். அது நியாயமாகப் பட்டது எல்லாருக்கும்.

கமாக்கா எழுந்து நின்றாள். சொல்வதற்கு எழுதிவைத்திருந்த தாளைப் பிரித்தாள். எழுதியதைப் பார்த்தாள், அதிலும் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் கொஞ்சம் பேசலாங்களா?" என்றாள் மோட்டாரம்மா.

உறுப்பினர் தவிர யாரும் பேசக்கூடாது என்று ஒருவர் ஆரம்பித்தார். தலைவி கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டாள்.

"அந்தக் கதையில மோட்டார் கட்டுறது நான்தாங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. மூக்கைச் சிந்திய அம்மாள் சட்டென்று கைக்குட்டையைத் தேடினாள்.

"முடிவு நல்லா இல்லன்னு சொன்னாரு ஐயா" என்றாள் மோட்டாரம்மா. குரலை உயர்த்தவில்லை. "நாப்பத்து மூணு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். எங்க கட்டில்ல, எங்க விசிறிக் காத்துல, என் கையப் புடிச்சிக்கிட்டுதான் போனா. போறதுக்கு முன்னால தலகாணி சரியில்லன்னு என்னத் திட்டிட்டுத்தான் போனா. ரெண்டு பேர்ல ஒருத்தர் முன்னால போய்த்தானே ஆகணும்? இதவிட நல்ல முடிவு யாருக்காவது கெடைச்சிருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

பேய்க்காதல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி போய் மூன்று வருஷம்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க மேல மரியாதை இருக்குங்கம்மா. ஆனா அத நாங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது, அதுதான் இங்க கேள்வி."

"நீங்க என்ன வேணா கூப்பிடுங்க. எனக்குத் தெரியும் அது என்னன்னு. தெரிஞ்சும் ஒரு தடவ சொல்லாம விட்டுட்டேன், அதான் இன்னிக்கு எந்திரிச்சேன்." உட்கார்ந்துவிட்டாள்.

சங்கத்தில் கை தூக்கி ஓட்டுப்போடும் வழக்கம் இல்லை. விதி திருத்துவதென்றால் ஒவ்வொருவரும் தன் கையால், காதல் கதை என்றால் என்ன என்று ஒரு வரி எழுதித் தரவேண்டும். தலைவி அவற்றைப் படித்துக் குவியல் பிரிப்பாள். ஒரு வரி என்று மூன்று தடவை சொன்னாள். முப்பத்து மூன்று நாவலாசிரியர்களிடம் ஒரு வரி கேட்டால் நடக்கிற காரியமா? ஒருவர் நாலு பக்கம் எழுதினார். ஒருத்தி மழையில் ஆரம்பித்தாள். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கமாக்கா மட்டும் ஒரே வரி எழுதிவிட்டு, யாரோ கேட்டதற்குப் பேனாவைக் கொடுத்துவிட்டாள்.

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆண், பெண் என்று எழுதியது ஒரு குவியல், பன்னிரண்டு. இருவர் என்று எழுதியது இன்னொன்று, பதின்மூன்று. மீதி எட்டில் எதைச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒன்றில் ஒரு ரயில் நிலையம், ஒன்றில் ஒரு கடிதம், இன்னொன்றில் பாதியில் நின்றுபோன முத்தம். இந்த எட்டுப் பேரும் எழுந்து வாயால் சொல்லுங்கள், எந்தக் குவியல் என்று கேட்டாள்.

எழுந்தார்கள். முதலில் எழுந்த இரண்டு பேர் செயலாளர் பக்கம் போனார்கள். பேய்க்காதல்காரர் இருவர் என்றார். மூக்கைச் சிந்திய அம்மாள், நான்தானே முத்திரை போட்டேன், அழுதது பொய்யா, இருவர் என்றாள். அறுபது வயசுக் காதல் எழுதுகிற அம்மாளும் அப்படியே. இன்னொருவர் மனசில்லாமல் ஆண் பெண் என்றார். அடுத்தவர் இருவர். கடைசியாக எழுந்தது ஒரு நடுத்தர வயசுப் பெண். அவள் எழுத்தாளரே இல்லை. அவள் புருஷன் அவள் பெயரில் எழுதுகிறவர், சங்கப் பதிவில் அவள் பெயர்தான் இருக்கிறது. அவருக்குக் காய்ச்சல், இவள் வந்திருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்த தாளில் "எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று மட்டும் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் ஆண் பெண்ணுன்னுதான் எழுதச் சொன்னாரு" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நான் ஒரு தடவ விசிறிச் சத்தத்துல தலவலின்னு சொன்னேன். அவரு வேற ரூமுக்குப் போய்ப் படுத்துட்டாரு. இருவர்னே போட்டுக்குங்க."

பதினெட்டுக்குப் பதினைந்து. விதியில் "இருவருக்கு இடையிலான காதல்" என்று சேர்ப்பதென்று ஆயிற்று. முத்திரை அப்படியே இருக்கும். கமாக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. திரும்பி மோட்டாரம்மாவைப் பார்த்தாள். அவள் மடியில் கோத்திருந்த கையைப் பிரித்து, ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள், நாள் முழுக்கக் கம்பி சுற்றியவள் வேலை முடிந்ததும் செய்வதுபோல.

எல்லாரும் கலையும்போது செயலாளர் கடைசி வரிசைக்கு வந்தார். நின்றார். உட்காரலாமா என்று கேட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் எதிராத்தான் எழுதினேம்மா. இப்பவும் எனக்குப் பயம் போகல" என்றார்.

"தெரியும்யா. அவளுக்கு உங்க கதைன்னா உசுரு."

செயலாளர் நிமிர்ந்தார். "யாருக்கு?"

"அவளுக்குத்தான். சனிக்கிழம ரெண்டு புஸ்தகம் எடுத்தா ஒண்ணு உங்களது. மத்தியானம் கடை காலியா இருக்கும், எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுவா. நான் கம்பி சுத்துவேன். சுத்து எண்ணும்போது யாரும் பேசக்கூடாது, எண்ணிக்கை தப்பிடும். அதனால நான் கையத் தூக்குனா அந்த வரியிலயே வெரல வச்சிட்டு நிறுத்திடுவா. உங்க நாயகி மாடிப்படியில பாதி ஏறியிருப்பா. இருநூத்திருபது சுத்து முடியறவரைக்கும் அங்கயே நிப்பா, பாவம். நான் ம்னு சொன்னதும் மேல ஏறுவா."

செயலாளர் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூற்று நாற்பது கதை எழுதியும் ஒரு வாசகி எப்படிப் படித்தாள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கமாக்கா கொஞ்சம் தள்ளியே நின்றாள். நாற்பது வருஷமாக அதே வீட்டில் போய்வந்துகொண்டிருந்தும் இது அவளுக்கும் தெரியாது. மத்தியான நேரங்களில் அவள் பள்ளிக்கூடத்திலோ அச்சகத்திலோ இருந்திருக்கிறாள்.

"என்ன சொல்வாங்க, என் கதையப் பத்தி?" என்று கேட்டார் செயலாளர். பரீட்சை எழுதினவர் மாதிரி இருந்தது குரல்.

மோட்டாரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ளதச் சொல்லவா?"

"சொல்லுங்க."

"நடுவுல எல்லாம் நல்லா இருக்குமாம். கடைசில மட்டும், கல்யாணம் ஆனதும் கதவச் சாத்திட்டுப் போயிடுறாரு இந்த மனுஷன், அதுக்கப்புறம்தானே இருக்கு எல்லாம்னு சொல்லுவா."

செயலாளர் எழுந்துகொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், எழுத ஒன்றும் இல்லாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் என்ன இருக்குன்னு நினைச்சாங்க அவங்க?" என்று கேட்டார்.

மோட்டாரம்மா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்க்கும் சத்தம் வந்தது. கமாக்கா பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம் மழை விடவே இல்ல" என்று ஆரம்பித்தாள் மோட்டாரம்மா. "என் வீட்டுக்காரிக்கு அன்னிக்கு என் மேல பயங்கரக் கோபம்..."